அறுபத்தோராவது வரி

காக்ஸ் டவுன், பெங்களூரு
12 ஜனவரி 2025

வியன்னா மாநகரையும் அதைச் சூழ்ந்த பனிப்பிரதேசங்களையும் ஒரு குடைக்கீழ் ஆளும் மருமகள் ஆஞ்சலாவின் சமூகத்துக்கு, காக்ஸ் டவுன் சமஸ்தானாதிபதி லாயிட் மாமா எழுதிக்கொண்டது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே நானும், உன் அம்மா மௌரீனும், உன் அப்பா ஹெர்பர்ட்டும் சுகம். உன் மூக்கு பனியில் உதிர்ந்துவிடாமல் இருக்கிறதா என்று மறுதபாலில் தெரிவிக்கவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து உன் அம்மா, "அண்ணா, போதும்" என்கிறாள். என் பொய்களுக்குக் குறைந்தது இரண்டு பக்கம் வேண்டும்.

சென்ற ஞாயிறு சர்ச் பேண்டில் நான் ட்ரம்பெட் ஊதினேன். அல்சூர் ஏரியிலிருந்து பத்தாயிரம் கொக்குகள் எழும்பி, பாட்டு முடியும்வரை ஆகாயத்தில் அசையாமல் நின்றன. விமானங்கள் இறங்க வழியில்லாமல் மைசூருக்குத் திரும்பின. பக்கத்து வீட்டு டென்சில் இதற்குச் சாட்சி. அவனைக் கேட்டால் இல்லை என்பான். பொறாமை.

ஆராதனை முடிந்ததும் ஆயர், "உங்க மருமக அங்க என்ன வேலை பண்றாங்க?" என்று கேட்டார். "அணுகுண்டு" என்றேன். இரண்டடி பின்னால் போய்விட்டார். சரியான பதிலை எழுதி அனுப்பினால் அவரை முன்னால் கொண்டுவரலாம்.

உன் அப்பா வழக்கம்போலத்தான். நேற்று உன் அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். "ஏன் மச்சான், ஒரு சாவிய ஜோபுல போட்டுக்கிட்டா என்ன, கடிச்சா வெச்சிரும்?" என்றேன். சிரித்தார். அவர் சாவியைத் தொடமாட்டார் என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

கொக்குகளின் பரிபாலகன்,
லாயிட் மாமா


வியன்னா
2 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மூக்கு இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, டென்சில் அங்கிளுக்கும் பங்கு கொடுக்கிறீர்களா?

ஆயரிடம் இப்படிச் சொல்லுங்கள். அணு ஆயுதம் செய்ய உதவக்கூடிய தொழில்நுட்பம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏன் பரவுகிறது என்று ஆராய்கிறேன். குண்டைத் தொட்டதில்லை, கம்ப்யூட்டரைத்தான் தொடுகிறேன். இதுவரை வெளியே தெரிந்த நூற்று முப்பது சம்பவங்களை ஓர் அட்டவணையாக்கியிருக்கிறோம். ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி. என்ன போனது, எந்த வழியில் போனது, கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார். இதையெல்லாம் வைத்து ஒரு மாடல் செய்திருக்கிறோம்.

மாடல் சொல்வது சுருக்கமாக இதுதான். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எதிரி ஒருவனே என்றால் கொடுப்பது எளிது. வாங்குபவர் பலசாலியானாலும் தன் தலையில் விடியாது என்று கொடுப்பவர் நம்பினால் இன்னும் எளிது. தட்டிக்கேட்கக்கூடிய பெரிய வல்லரசு எதையும் கொடுப்பவர் அண்டிப் பிழைக்கவில்லை என்றால் தடையே இல்லை.

ஏறக்குறைய எல்லா வரிகளும் இதற்குள் அடங்குகின்றன. ஒன்று மட்டும் அடங்க மறுக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அப்பா வெயிலிலா நின்றார்?

அன்புடன்,
ஆஞ்சலா


காக்ஸ் டவுன்
24 பிப்ரவரி 2025

உலக நாடுகளின் குடுமியைக் கையில் பிடித்திருக்கும் மருமகளுக்கு மாமாவின் ஆசீர்வாதம். முழங்கால் ராஜ உபசாரத்தில் இருக்கிறது. மாத்திரையை டென்சிலுக்குக் கொடுக்கவில்லை. அவனுடையதை நான் சாப்பிடுகிறேன்.

உன் மாடலை எங்கள் தெருவில் சோதித்துப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்துகிறது! டென்சில் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல்லின் பக்குவம் அவன் அம்மா காலத்திலிருந்து ராணுவ ரகசியம். வாயில் போட்டால் கரையும். ஆயிரம் மைலுக்கு அப்பால் வாசனை போகும். போன கிறிஸ்துமஸில் அது பின்தெரு ஐரின் வீட்டுக்குப் போய்விட்டது. ஏன்? இருவருக்கும் ஒரே எதிரி, சர்ச் கொயர் லீடர். ஐரின் கல்கல்லில் வல்லரசானாலும் டென்சிலுக்கு நஷ்டமில்லை, அவனுக்குச் சர்க்கரை வியாதி. தட்டிக்கேட்கும் வல்லரசான அவன் பெண்டாட்டி அப்போது ஹூப்ளியில் இருந்தாள். முடிந்தது. பரவிவிட்டது!

இதை நீ உன் அட்டவணையில் நூற்று முப்பத்தோராவது வரியாகச் சேர்க்கலாம். எனக்கு நோபல் பரிசில் பாதி போதும்.

அடங்காத அந்த ஒரு வரியை என்னிடம் அனுப்பு. கடிவாளம் போட்டு அனுப்புகிறேன்.

சமஸ்தான விஞ்ஞானி,
லாயிட் மாமா


வியன்னா
16 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அந்த வரியைக் கேட்டீர்கள். அறுபத்தோராவது வரி. அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

"1988, பெங்களூரு, பொம்மனஹள்ளி. தனியார் பட்டறை. அரசாங்கத் துறை ஒன்றுக்காக மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துக் கொடுத்தது. அதே வகைக் குழாய்கள் சில மாதங்களில் வேறொரு நாட்டில் தயாராயின. போன வழி: வரைபடம். வரைபட அலமாரியின் காப்பாளர் பணிநீக்கம். நோக்கம்: தெரியவில்லை."

காப்பாளர் பெயர் அதில் இல்லை. நமக்குத் தேவையும் இல்லை. அப்பாவை வேலையிலிருந்து அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும். எதற்காக என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. இதைப் படித்த பிறகுதான் நீங்களும் அப்பாவும் ஒன்றாக வேலைபார்த்த பட்டறை அது என்று புரிந்தது.

டிசம்பரில் அறிக்கை அச்சாகிறது. என் பெயரில். என் அப்பா என்பதற்காக அந்த வரியை நான் எடுத்துவிட்டால் அது யோக்கியமில்லை. அப்படியே விட்டால், அப்பா வரைபடத்தைக் கொடுத்தார் என்று நானே அச்சில் சொன்னதாகும்.

அப்பாவைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குத் தெரியுமா மாமா?

ஆஞ்சலா


காக்ஸ் டவுன்
6 ஏப்ரல் 2025

அன்பு மருமகளுக்கு மாமா ஆசீர்வாதம். எல்லோரும் சுகம்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. டென்சில் மொட்டைமாடியில் முட்டை உடைத்து ஊற்றி ஆயிரம் பேருக்கு ஆம்லெட் போட்டான். நேற்று மாங்காய் மழை என்கிற கோடை மழை பெய்தது. ஒவ்வொரு துளியும் தேங்காய் அளவு. எங்கள் தெருவில் படகுப் போட்டி நடந்தது. நான் ட்ரம்பெட் ஊதித் தொடங்கிவைத்தேன். ஆயர் இப்போது முன்னால் வந்துவிட்டார். உன்னைப் பற்றி விசாரித்தார்.

பலாப்பழம் வந்திருக்கிறது. உன் அம்மா உன்னை நினைத்துக்கொண்டே தின்கிறாள்.

நீ கேட்டது முப்பத்தைந்து நாற்பது வருஷத்துப் பழைய கதை. வயசாகிவிட்டது, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

லாயிட் மாமா


வியன்னா
28 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நான் மூன்று வயதில் உங்கள் தொப்பியில் வாந்தி எடுத்ததை, தொப்பியின் நிறத்தோடு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்கிறீர்கள். உங்களுக்கா ஞாபகமில்லை?

மேற்கொண்டு ஒன்று தெரிந்தது. அந்த வெளிநாட்டுக் குழாய்களை அப்போதே ஒரு குழு அளந்து பார்த்திருக்கிறது. விட்டம் வேறு. தடிமன் வேறு. நீளமும் வேறு. வரைபடத்தைத் திருடியவன் எதற்காக எல்லா அளவையும் மாற்றுவான்? ஒன்றே ஒன்றுதான் பொம்மனஹள்ளிக் குழாயைப் போலவே இருந்ததாம். வளைவில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அதாவது, போனது அளவு இல்லை. கைப்பக்குவம்.

அலமாரியில் கைப்பக்குவத்தை யாரும் பூட்டிவைப்பதில்லை.

ஆஞ்சலா


காக்ஸ் டவுன்
10 ஆகஸ்ட் 2025

ஆஞ்சலாவுக்கு மாமா எழுதுவது. மூன்று மாதமாகப் பதில் இல்லையே என்று உன் அம்மாவிடம் போனில் கேட்டாயாம். முழங்கால் என்று சொல்லச் சொன்னேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

உனக்கு ஒரு கதை. வழக்கம்போலப் புளுகு. நம்பினால் நம்பு.

ஒரு ஊரில் ஒரு ட்ரம்பெட்காரன் இருந்தான். பகலில் பட்டறையில் குழாய் வளைப்பான். மெல்லிய குழாயை வளைத்தால் உள்பக்கம் சுருங்கும், நசுங்கும். மற்றவர்கள் பத்துக்கு ஆறு குப்பையில் போட்டார்கள். இவன் வளைத்தது எதுவும் குப்பைக்குப் போகவில்லை. ரகசியம் சர்ச் பேண்டில் கிடைத்தது. நெளிந்த ட்ரம்பெட் குழாயைச் சீர்செய்பவர்கள் சோப்புத் தண்ணீரை ஊற்றி, உறையவைத்து, அப்புறம் வளைப்பார்கள். ஐஸ் உள்ளே தாங்கிக்கொள்ளும். சோப்பு இருப்பதால் ஐஸ் உடையாமல் கூடவே வளையும்.

ஒருநாள் லேத் மெஷின் விற்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். 1988 ஆகஸ்ட் பதினேழு, புதன்கிழமை. குழாயைத் தடவிப் பார்த்து, "இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒரு கை பார்த்ததில்ல" என்றார். ட்ரம்பெட்காரனை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பட்டறை முதலாளி, "ஹூம்" என்பார், அவ்வளவுதான்.

மத்தியானம் மூன்று நாற்பதுக்கு அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனான். ஃப்ரிட்ஜில் காலையிலேயே ஏழு குழாய் வைத்திருந்தான். ஆறை எடுத்து அவர் கண் முன்னால் வளைத்தான். ஆறும் அழகாக வந்தன. அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். வேறெதுவும் கொடுக்கவில்லை. இவன் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். வரைபடம் வெளியே போயிருக்கிறது என்றார்கள். அலமாரிச் சாவி யாரிடம் என்றார்கள். ஊருக்கெல்லாம் ஊதுகிறவன் அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த மாதமே சர்ச்சில் அந்தச் சாவிக்காரரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நின்று குழந்தையைக் கையில் வாங்கியதும் அவன்தான்.

கதை முடிந்தது.

லாயிட்


வியன்னா
31 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

உங்கள் புளுகுகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். பத்தாயிரம் கொக்கு. ஆயிரம் பேருக்கு ஆம்லெட். ஆயிரம் மைல் வாசனை. உங்கள் பொய்யில் எண்கள் எப்போதும் உருண்டையாக இருக்கும். இந்தக் கதையில் மட்டும் ஏழு குழாய், அதில் ஆறு, மூன்று நாற்பது, பதினேழாம் தேதி. காலண்டரைப் பார்த்தேன். புதன்கிழமைதான்.

கோபப்பட வேண்டும் என்று இரண்டு நாள் முயன்றேன். சரியாக வரவில்லை. நீங்கள் பிடித்துக்கொண்டு ஓடித்தான் நான் சைக்கிள் பழகினேன்.

அப்பா பிறகு நீலசந்திராவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருபத்தாறு வருஷம் வேலைபார்த்தார். அதைவிட நல்ல வேலை இரண்டு வந்தன. போகவில்லை. ஏன் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "அந்தக் கடையில முதலாளியே தொறந்து முதலாளியே பூட்டுவாரு, அதான்" என்றாள். அப்போது எனக்குப் புரியவில்லை.

எனக்குத் தேவை இரண்டு. நீங்கள் செய்ததை உங்கள் கையெழுத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள், புளுகு இல்லாமல். அறிக்கையில் உங்கள் பெயர் வராது. ஆனால் அந்தப் பக்கம் என் அலுவலகக் கோப்பில் இருக்கும், அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இரண்டாவது, எனக்குச் சொன்னது போதாது. அப்பாவிடம் சொல்லுங்கள். கதையாக வேண்டாம்.

ஆஞ்சலா


காக்ஸ் டவுன்
19 அக்டோபர் 2025

அன்பு ஆஞ்சலா,

நான் சுகம். நீ சுகமாக இரு. நீ கேட்ட பக்கம் இதனுடன் இருக்கிறது. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் போக நான்கு ஞாயிறு தள்ளிப்போட்டேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து போனேன். அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உன் அம்மா சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"மச்சான், எண்பத்தெட்டுல ஒரு வெள்ளக்காரன் வந்தான்ல, லேத்து விக்க?"

"ஆமா. செவத்த மூக்கு."

"அவனுக்கு ஐஸ் வெச்சு வளைக்கிறத நான்தான் காட்டிக் குடுத்தேன். வரைபடம் எதுவும் வெளிய போகல."

பேப்பரை மடித்தார். "கேன்டீன் ஃப்ரிட்ஜுலயா?"

"ஆமா."

"ஏழு குழாயா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"காலைல பாத்தப்ப ஏழு இருந்துச்சு. ஆற எடுத்துட்டுப் போயிருக்க. ஒண்ணு உள்ளயே கெடந்துச்சு. நான் தண்ணி குடிக்கப் போனேன். லெமன் ஐஸ்னு நெனச்சு நக்கிட்டேன்டா. ரெண்டு நாள் எதத் தின்னாலும் சோப்பு."

சமையலறையில் உன் அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"லாயிட்டு."

"சொல்லு மச்சான்."

"அப்போ அலமாரிய நான் பூட்டித்தான் வெச்சிருந்தேனா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் அவருடைய வேலையைத்தான் போக்கினேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"என்கொயரில கேட்டாங்க, பூட்டினியா, பூட்டினியான்னு. அடிச்சுச் சொல்ல முடியல. ஒருநாள் மறந்திருப்பேனோ, தொறந்து போட்டுட்டு வந்திருப்பேனோன்னு… நான்தான் விட்டுட்டேன்னு நெனச்சேன்டா. இன்னிக்கிக் காலைல வரைக்கும்."

"நீ பூட்டித்தான் வெச்சிருந்த மச்சான்."

"பூட்டித்தான் வெச்சிருந்தேனா?"

"பூட்டித்தான் வெச்சிருந்த."

மூன்றாம் தடவை என்னைக் கேட்கவில்லை. தன் வலதுகையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ கெளம்பு" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. உன் அம்மா கேட் வரை வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு டிபன் டப்பாவில் குழம்பு போட்டுக் கொடுப்பாள், உனக்குத் தெரியும். அன்று கையில் ஒன்றுமில்லை. "என் டப்பா எல்லாத்தையும் நாளைக்குக் கொண்டாந்து குடுத்துரு" என்றாள். பதினொன்று இருந்தன. கழுவிக் கொடுத்துவிட்டேன்.

லாயிட்


வியன்னா
9 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மழையில் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

உங்கள் பக்கம் வந்தது. கோப்பில் வைத்துவிட்டேன். அறுபத்தோராவது வரி இனி இப்படி அச்சாகும்: "வரைபடம் எதுவும் வெளியேறவில்லை. போன வழி: நேரில் செய்து காட்டியது. அலமாரிக் காப்பாளர் மீதான குற்றச்சாட்டு தவறு."

நோக்கம் என்ற கட்டத்தில்தான் நான்கு நாள் நின்றேன். பொது எதிரி இல்லை. லாபம் இல்லை. வல்லரசும் இல்லை. ஒரு மனிதரைப் பட்டறையில் யாரும் பாராட்டவில்லை, வெளியிலிருந்து வந்த ஒருவர் பாராட்டினார். அதற்கு எங்கள் மாடலில் எண் கிடையாது. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். கூட வேலைபார்ப்பவர்கள் மற்ற நூற்று இருபத்தொன்பது வரிகளையும் மறுபடி பார்க்க வேண்டுமோ என்று யோசிக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். டிசம்பர் 21, ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் இருப்பேன். எல்லோரும் ஆராதனையில் இருப்பீர்கள். அம்மா போனில் சரியாகப் பேசுவதில்லை, அதனால் உங்களைக் கேட்கிறேன். வீட்டுச் சாவியை யாரிடம் வாங்கிக்கொள்ளட்டும்? டென்சில் அங்கிளிடமா?

ஆஞ்சலா


காக்ஸ் டவுன்
30 நவம்பர் 2025

அன்பு ஆஞ்சலா,

சுகம். சாப்பாடு டென்சில் வீட்டில். உப்பு ஜாஸ்தி.

இன்று காலை உங்கள் வீட்டுக்குப் போனேன். கேட் உள்ளேயிருந்து பூட்டியிருந்தது. புதுப் பூட்டு. ஜன்னல் வழியாக உன் அப்பா என்னைப் பார்த்தார். பேப்பரை முழுவதும் படித்து முடித்தார். பிறகு எழுந்து வந்து, ஜோபிலிருந்து எடுத்து, அவரே திறந்தார். உள்ளே விட்டதும் அவரே பூட்டினார். இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் பூட்டியிருந்தது. இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார்.

நீ டென்சிலிடம் போக வேண்டாம். சாவி உன் அப்பாவிடம் இருக்கிறது. அன்றைக்கு ஆராதனைக்குப் போகாமல் உனக்காக வீட்டில் இருக்கப்போகிறாராம்.

நான் வெளியே நின்றது நாற்பத்துமூன்று நிமிடம்.

லாயிட் மாமா